சிலந்தி செய்யாத குற்றம்!

ராத்திரி நன்றாகத்தான் படுக்கப் போயிருப்பீர்கள். காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால், கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு! யாரோ தீக்குச்சியால் இழுத்துவிட்ட மாதிரி. மறுநாள் அதில் நீர் கோத்துக்கொள்கிறது. ஒரே எரிச்சல். வீட்டில் உடனே ஒரு நீதிமன்றம் கூடிவிடும். ‘‘சிலந்தி எச்சம்’’ என்பார் பாட்டி. ‘‘பூரான் ஊர்ந்திருக்கும்’’ என்பார் அப்பா. ‘‘பல்லி மூத்திரம்தான், வேறென்ன?’’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கொஞ்சம் விவரமான பெரியவர் ஒருத்தர் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, ‘‘இது அக்கி. குயவர் வீட்டுக்குப் போய் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வா’’ என்று தீர்ப்பே எழுதிவிடுவார்.

இதில் பலமுறை எல்லாத் தீர்ப்பும் தப்பு. சிலந்தி, பூரான், பல்லி மூன்றுமே நிரபராதிகள். அக்கியும் அல்ல. நிஜக் குற்றவாளி, முந்தின நாள் ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்துக்குப் பறந்து வந்த, முக்கால் அல்லது ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு. அது உங்களைக் கடிக்கவில்லை, கொட்டவில்லை. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தூக்கக் கலக்கத்தில் நீங்கள்தான் அதை நசுக்கித் தேய்த்துவிட்டீர்கள். அதன் ரத்தத்தில் இருந்த விஷம், உங்கள் கை இழுத்த பாதையிலேயே கோடு போட்டுவிட்டது!

இந்தக் குற்றவாளியின் பெயரைக் கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு தனி சரித்திரம். சீனா, ஜெர்மனி, கல்கத்தா, லண்டன் என்று ஊர் ஊராகச் சுற்றும் அந்தக் கதையில் நம்ம தரங்கம்பாடிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைவிட ஆச்சரியம், இந்த வண்டுக் குடும்பத்தில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலேயே ‘தமிழ்’ இருக்கிறது!

முதலில் ஆசாமியின் அங்க அடையாளங்களைப் பார்த்துவிடலாம். கறுப்புத் தலை. ஆரஞ்சு நிறத்தில் கழுத்துப் பகுதி. அதற்குப் பின்னால் நீலமும் பச்சையும் கலந்து மினுமினுக்கும் குட்டையான மேல் இறக்கை, அரைக்கைச் சட்டை போட்ட மாதிரி. அதற்குக் கீழே மறுபடி ஆரஞ்சு வயிறு. வால் நுனி கறுப்பு. பார்த்தால் வண்டு என்றே நம்ப மாட்டீர்கள். பெரிய எறும்பு என்றுதான் நினைப்பீர்கள். பயந்தால் தேள் மாதிரி வாலைத் தூக்கும். ஆனால் வாலில் கொடுக்கு கிடையாது. வெறும் பாவ்லா!

இதன் பெரிய குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரோவ் பீட்டில்’ என்று பெயர். விஞ்ஞானிகள் ‘ஸ்டாஃபிலினிடே’ என்பார்கள். உலகத்தில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட ரோவ் வண்டு இனங்கள் மட்டும் 60,000க்கும் மேல். மனிதன், யானை, வௌவால், எலி என்று பூமியில் உள்ள எல்லாப் பாலூட்டி இனங்களையும் சேர்த்தாலே ஏழாயிரத்தைத் தாண்டாது. இவ்வளவு பெரிய கும்பலில், விஷ ரத்தம் உள்ள நம்ம ஆசாமிகள் ‘பீடெரஸ்’ என்கிற ஒரு கிளையைச் சேர்ந்தவர்கள். நெருங்கிய உறவினர்களையும் சேர்த்து எண்ணினால் இந்தக் கிளையில் 600 இனங்களுக்கு மேல் தேறும். அதில் தோலைப் பொசுக்கியதாகப் புகாருக்கு ஆளானவை இருபது முப்பதுதான். ஆனால் பெரும்பாலும் எல்லாமே ஒரே யூனிஃபார்ம்... கறுப்பு, ஆரஞ்சு, நீலம். அணிவகுப்பில் நிற்க வைத்து, ‘‘இவன்தான் ஐயா’’ என்று கை காட்டுவது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் ஒருத்தர் சரியாகக் கை காட்டினார். அதுவும் கி.பி. 739ல்! சீனாவில் டாங் வம்ச ஆட்சி நடந்த காலம். சென் சாங்ச்சி என்ற மருத்துவர் தன்னுடைய மூலிகை நூலில் ஒரு பூச்சியைப் பற்றி எழுதி வைத்தார். நடுத்தர எறும்பு அளவு, சிவப்பு உடம்பு, இடுப்பில் கருநீலம், கூரான வால், குட்டை இறக்கை, பறக்கும், தோலில் பட்டால் வீங்கும் என்று அச்சு அசலாக வர்ணனை. அதன் விஷத்தை மருந்தாகவும் உபயோகிக்கலாம் என்றார் அவர். படர்தாமரைக்குப் போடலாம், அழுகிய சதையை அகற்றலாம், அப்புறம்... குற்றவாளிகளின் முகத்தில் பச்சை குத்துவார்களே, அந்த எழுத்தைக்கூட உரித்து எடுத்துவிடலாமாம்! போலீஸ் போட்ட முத்திரையை அழிக்க ஒரு பூச்சி. டாங் வம்சத்து ரவுடிகள் எத்தனை பேர் வயல்வரப்பில் வண்டு தேடி அலைந்தார்களோ!

ஐரோப்பா இந்த இடத்துக்கு வந்து சேர ஆயிரம் வருஷம் ஆயிற்று. 1758ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், இந்தக் கிளையில் ஒரு வண்டுக்கு ‘ஆற்றங்கரைவாசி’ என்று அர்த்தம் வரும்படி லத்தீனில் பெயர் வைத்தார். அவருடைய சிஷ்யர், டென்மார்க்காரரான ஃபாப்ரிசியஸ், 1775ல் ‘பீடெரஸ்’ என்ற தனிப் பேரினத்தையே உருவாக்கினார். பேரினம் என்றால் இனிஷியல் மாதிரி, குடும்பத்துக்கே பொது. இனத்தின் பெயர் என்பது, அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வைக்கும் தனிப் பெயர்.

ஃபாப்ரிசியஸுக்கு ஒரு வசதி இருந்தது. தரங்கம்பாடி 1620லிருந்து டென்மார்க்காரர்கள் கையில் இருந்ததல்லவா? 1845ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்கும்வரை அங்கே டேனிஷ் கொடிதான் பறந்தது. கோட்டை, தேவாலயம், அச்சுக்கூடம் எல்லாம் நமக்குத் தெரியும். அங்கிருந்த அதிகாரிகளும் மிஷனரிகளும் ஓய்வு நேரத்தில் பூச்சி, மீன், சங்கு என்று சேகரித்துக் கப்பலில் அனுப்பினார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். தமிழ்நாட்டுப் பூச்சிகள் சாராயத்தில் ஊறியபடியும், குண்டூசியில் குத்தப்பட்டபடியும் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பண்டிதர்களுக்குத் தமிழ் என்றால் ‘தமுல்’ அல்லது ‘டமுல்’. சீகன்பால்கு 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கண நூலின் பெயரே ‘கிராமாட்டிகா டமுலிகா’தான். 1798ல் ஃபாப்ரிசியஸ் நம்மூர்ச் செந்தேளுக்கு ‘தமுலுஸ்’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் விஞ்ஞான உலகில் அந்தத் தேள் ‘தமிழ்த் தேள்’தான். ரொம்பப் பெருமைப்படவேண்டிய விஷயமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!

அதே வழியில் 1840ல் இன்னொருவர் வந்தார். பெர்லின் அருங்காட்சியகத்தின் வண்டு நிபுணர் எரிக்சன். உலகத்தின் ரோவ் வண்டுகளை எல்லாம் ஒரே புத்தகத்தில் அடக்கிவிடவேண்டும் என்று லத்தீனில் தடிமனான ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பீடெரஸ் வண்டுக்கு அவர் வைத்த பெயர், ‘பீடெரஸ் தமுலுஸ்’. தமிழ் பீடெரஸ்! அந்த வண்டு சீனாவிலும் இருக்கிறது. அங்கே தோல் நோய் டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளில் இன்றைக்கும் நம்ம மொழியின் பெயர் கொப்புளங்களுக்கு நடுவே அடிபடுகிறது.

இப்படி எல்லோரும் பெயர் வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? குழப்பம்தான். ஒரே வண்டுக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர், ரஷ்யாவில் ஒரு பெயர், ஜப்பானில் ஒரு பெயர். அப்புறம் ஒருவர் வந்து, ‘‘இதெல்லாம் ஒன்றேதான்’’ என்று சேர்ப்பார். இன்னொருவர், ‘‘இல்லை, வேறு வேறு’’ என்று மறுபடி பிரிப்பார். விஞ்ஞானிகளில் பிரிக்கிற கட்சி, சேர்க்கிற கட்சி என்று இரண்டு உண்டு. 1857லேயே டார்வின் ஒரு கடிதத்தில் இந்த இரண்டு கட்சிகளையும் பற்றிப் பேசியிருக்கிறார்.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002ல் மறுபடி சேர்த்தார்கள். 2007ல் மறுபடி பிரித்தார்கள். மண் அதேதான், மக்களும் அதேதான், போர்டு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. மியூசியம் இழுப்பறையில் இருக்கும் வண்டுக்கும் இதே தலையெழுத்து!

உயிரினங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் வேலைக்கு இந்த இரண்டு மாவட்டங்களும் பழக்கப்பட்டவைதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்த மண்ணில் கடல் இருந்தது. காரை, ஊட்டத்தூர், அரியலூர் வட்டாரத்தில் அந்தக் கடலின் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. 1840 வாக்கில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் அவற்றைச் சேகரித்தார்கள். பின்னால் ஸ்டோலிச்கா என்ற இளம் விஞ்ஞானி, ஒரு சிப்பிக்கும் இன்னொரு சிப்பிக்கும் உள்ள வரி வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இனம் பிரித்தார். 1861லிருந்து 1873 வரை இந்திய நிலவியல் துறை வெளியிட்ட அந்தப் பெரிய தொகுதிகள் இன்றைக்கும் உலகெங்கும் புரட்டப்படுகின்றன. 1874ல் லடாக் மலையில், 36 வயதில் அவர் இறந்துபோனார். செத்துப் போன உயிர்களுக்கு அரியலூரில் இப்படிப் பெயர் கிடைத்துவிட்டது. வயலில் ஊர்கிற வண்டுக்குத்தான் தாமதம்.

அதைச் செய்ய வந்தவர் மால்கம் கேமரான். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டர். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மனுஷன் இறங்கி வண்டு பொறுக்கப் போய்விடுவார். அப்புறம் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1930லிருந்து 1939 வரை, ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்’ என்ற புகழ்பெற்ற வரிசையில் ரோவ் வண்டுகளுக்கு மட்டும் நான்கு தொகுதிகள் எழுதினார். பீடெரஸ் கிளை, 1931ல் வந்த இரண்டாவது தொகுதியில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வண்டைத் தேடுவது, அந்தக் காலத்து ரேடியோ கேள்வி-பதில் விளையாட்டு மாதிரி. கால் கறுப்பா, மஞ்சளா? இறக்கை கழுத்தைவிட நீளமா, குட்டையா? மேலே உள்ள புள்ளிகள் நெருக்கமா, தள்ளித் தள்ளியா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்ல, சந்தேகப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். இரட்டைப் பிறவிகள் மாதிரி. அங்கேதான் சிக்கல்!

அந்தச் சிக்கலை அவிழ்க்க நிபுணர்கள் கையாளும் வழி கொஞ்சம் கூச்சமானது. ஆண் வண்டை வெந்நீரில் ஊறவைத்து மிருதுவாக்கி, வயிற்று நுனியிலிருந்து ஊசியால் அதன் பிறப்புறுப்பை வெளியே எடுப்பார்கள். காரத் திரவத்தில் போட்டுச் சுத்தம் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களுக்கு உள்ளே அந்த உறுப்பின் வடிவம் வேறு வேறாக இருக்கும். வளைவு, முனை, கொக்கி எல்லாமே மாறும். கைரேகையைவிட நம்பகமான சாட்சி! பெண் வண்டு மட்டும் மாட்டினால், நிபுணரே பலமுறை கையை விரித்துவிடுவார்.

‘சரி சார், ஒரு பூச்சியின் பெயர் எதுவாக இருந்தால் எனக்கென்ன?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது.

வடகிழக்கு இந்தியாவில் ரொம்ப நாளாக ஒரு நோய் இருந்தது. தோலில் கோடு கோடாகக் கொப்புளம். ராத்திரியில் சிலந்தி வந்து நக்கிவிட்டுப் போகிறது என்று நம்பினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘ஸ்பைடர் லிக்’, அதாவது சிலந்தி நக்கு. நம்ம பாட்டி சொல்லும் சிலந்தி எச்சமேதான்! பாட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். 1924ல் கல்கத்தாவில் இருந்த பூச்சியியல் மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ரிக்லாண்ட் இதைத் துருவி ஆராய்ந்து எழுதினார். சிலந்தி நிரபராதி, குற்றவாளி பீடெரஸ் வண்டு என்று தீர்ப்பு மாறியது. பிரேசிலில் 1912லேயே பிராஜா ட சில்வா என்ற டாக்டர் அங்குள்ள பீடெரஸைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதன் விஷம் கண்ணில் பட்டு வரும் வீக்கத்துக்கு ‘நைரோபி கண்’ என்றே பெயர்.

அடுத்த கேள்வி, அந்த விஷம் என்ன? இத்தாலியில் பாவன் என்ற விஞ்ஞானி இறங்கினார். ஒரு வண்டில் இருப்பது துளியிலும் துளி என்பதால், வயல்களிலிருந்து அவர் திரட்டிய வண்டுகளின் எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? இரண்டரைக் கோடி! தமிழ்நாட்டு ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு! அத்தனையும் ‘பீடெரஸ் ஃபுஸ்கிபெஸ்’ என்ற ஒரே இனம். பிரிட்டனில் தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிற, நம்ம நெல்வயல்களிலும் இருக்கிற அதே இனம். 1950களின் தொடக்கத்தில் அவர் பிரித்தெடுத்த விஷத்துக்குப் ‘பெடரின்’ என்று பெயர் வைத்தார். அதன் சரியான ரசாயன அமைப்பை 1968ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். நம் தோலின் செல்கள் புரதம் தயாரிப்பதையே தடுத்து நிறுத்திவிடும் சரக்கு அது. நசுக்கிய ராத்திரியே எரியாமல், ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துக் கொப்புளம் கிளம்புவது அதனால்தான். குற்றம் நடந்த நேரமும் காயம் தெரிகிற நேரமும் வேறு வேறு. சிலந்தியும் பல்லியும் வீணாக மாட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்!

கதையின் பெரிய திருப்பம் இனிமேல்தான். 2002ல் ஜெர்மன் விஞ்ஞானி யோர்ன் பீல் ஒரு உண்மையை வெளியிட்டார். பெடரினைத் தயாரிப்பது வண்டு இல்லையாம்! வண்டின் உடம்புக்குள் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவாம்! அதற்கு முன்பே இன்னொரு ஜெர்மானியரான கெல்னர், விஷம் செய்வது பெண் வண்டுகள்தான், அவற்றிலும் சிலவற்றுக்கு அந்தத் திறமை இல்லை என்று காட்டியிருந்தார். அதாவது, இனத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, உள்ளே யார் குடியிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்!

அந்தப் பெண் வண்டுக்கு விஷம் எதற்கு? மனிதனைப் பழிவாங்க அல்ல. அது தன் முட்டைகளில் விஷத்தை ஏற்றி அனுப்புகிறது. குஞ்சுப் புழுக்களைத் தின்ன வரும் ஒரு எதிரி அதனால் வாயை வைத்துவிட்டுப் பின்வாங்குகிறது. அந்த எதிரி யார் தெரியுமா? வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி! எந்தச் சிலந்தியை நாம் தலைமுறை தலைமுறையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோமோ, அந்த இனத்தை விரட்டவே உண்டான விஷம் இது. சிலந்தியும் பாதிக்கப்பட்ட தரப்பு!

இப்போது நெல்வயலுக்கு வாருங்கள். அரியலூர் மாவட்டத்தின் தெற்கே கொள்ளிடக் கரை. திருமானூர், தா.பழூர் பக்கம் பச்சைப் பசேல் என்று நெல். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும். ஈரமான நெல்வயல்தான் பீடெரஸுக்கு சொர்க்கம். பகலில் அது செய்யும் வேலை, வேட்டை. நெல்லைக் குடித்துக் காயவைக்கும் புகையான், தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு எல்லாமே அதன் சாப்பாடு. விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலையாள்!

‘கொப்புளம் வருகிறது, மருந்தடித்துக் கொல்’ என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா ஒரு பாடம். அங்கே அளவில்லாமல் பூச்சிமருந்து அடித்ததில், புகையானைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் முதலில் செத்தன. புகையான் மட்டும் பல்கிப் பெருகி வயலையே மேய்ந்தது. வேறு வழியில்லாமல் 1986ல் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார். நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாமல் சுட்டதற்குக் கொடுத்த விலை!

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். கோடு கோடான கொப்புளத்தை அக்கி என்று தப்பாக நினைக்க டாக்டர்களுக்கே வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவில் ஒரு புறநகர் ஆஸ்பத்திரியிலேயே 123 பேருக்கு இந்த வண்டுக் கொப்புளம் வந்ததைப் பற்றி 2007ல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. 2022ல் சிக்கிமில் ஒரு கல்லூரி மாணவர்கள் சுமார் நூறு பேர் மாட்டியபோது, ‘ஆப்பிரிக்காவிலிருந்து புது ஈ வந்துவிட்டது’ என்று பீதி கிளம்பியது. அது ஈயும் இல்லை, புதுசும் இல்லை. பெயர் தெரியாவிட்டால் பழைய விருந்தாளியும் புதுப் பேயாகத் தெரிவான்.

நீங்கள் செய்யவேண்டியது ரொம்ப எளிது. மழைக்காலத்தில், அறுவடை நேரத்தில் ராத்திரி விளக்கைச் சுற்றி இந்த ஆரஞ்சு-கறுப்பு ஆசாமிகளைப் பார்த்தால் ஜன்னலுக்கு வலை போடுங்கள். விளக்குக்கு நேர் கீழே கட்டிலைப் போடாதீர்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். தவறி நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடவே தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் காயம் ஆறிவிடும். கறுப்புத் தழும்பு மட்டும் கொஞ்ச நாள் இருந்து மறையும்.

கேமரானின் வண்டுகள் இன்றைக்கு லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. எரிக்சன் எழுதியது லத்தீனில். ஒரு சீன மருத்துவர் 1,300 வருஷத்துக்கு முன்பே இதற்கு ‘நீல இடுப்புப் பூச்சி’ என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார். நாம் ‘ஆசிட் பூச்சி’ என்று ஆங்கிலத்தில் திட்டிவிட்டு, பழியைச் சிலந்தி மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். தமிழ் என்ற சொல்லையே பெயரில் சுமந்துகொண்டு சீனா வரை திரியும் வண்டு இது. அதற்குத் தமிழில் ஊரறிந்த ஒரு பெயர் மட்டும் இன்னும் இல்லை. கொள்ளிடக்கரை வயலில் தினமும் அதைப் பார்க்கிற விவசாயியோ, அவர் வீட்டில் பிளஸ் டூ விலங்கியல் படிக்கிற பெண்ணோ ஒரு பெயர் வைத்தால், எரிக்சன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்!